பத்திரிகையும் மதவெறியும்: 1915 முதல் 2019 வரை

ருவான்வெல்லையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சிங்களக் குடியானவரும் தமிழ்த் தொழிலாளரும் முஸ்லிம் வணிகரின் கடைகளிற் கடனுக்கு அரிசி வாங்கிப் பழகியவர்கள். மதவெறி வளர்ந்த வரலாற்றை ஆராயப் புகும் நாம், விகாரையிலிருந்தோ பள்ளிவாசலிலிருந்தோ அன்றி, அந்தக் கடைகளின் கடன் கொப்பியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது, விலைகள் ஏறின. அதன் மூலகாரணம் இறக்குமதியை நம்பி நின்ற குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம். ஆயினும் ஏழையின் கண்முன் நின்றவர் கடைக்காரரே. அவர்களுட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோர முஸ்லிம்கள். பசியால் எழுந்த சினத்திற்கு மதத்தின் பெயரைச் சூட்டும் பணியைச் சில பத்திரிகைகள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தன. 1903இல் பியதாச சிறிசேன தொடங்கிய ‘சிங்கள ஜாதிய’, அந்நிய வணிகரோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாமென எழுதியது. 1906இல் அநகாரிக தர்மபால தொடங்கிய ‘சிங்கள பௌத்தய’வும் முஸ்லிம்களை அந்நியராகவே காட்டிற்று. இவ்வேடுகளில் ஏகாதிபத்திய எதிர்ப்பும் இருந்தது, மதுவொழிப்பும் இருந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது. நல்ல உணவோடு கலந்து வந்தமையாலன்றோ அந்த நஞ்சு அத்துணை எளிதிற் செரித்தது!

1915 மே 28ஆம் நாள் இரவு, கண்டியில், பள்ளிவாசலுக்கு முன்னால் வெசாக் ஊர்வலம் இசையோடு செல்வது பற்றி எழுந்த பூசல் கைகலப்பாயிற்று. சில நாட்களில் அது சப்ரகமுவா உட்பட ஐந்து மாகாணங்களிற் பரவியது. 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன. சூறையாடப்பட்ட கடைகளோ நாலாயிரத்துக்கு மேல். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கலவரத்தின் உட்பொருள் புலனாகும். பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது, ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞரைச் சுட்டுக் கொன்றது, ஏடுகளை மூடியது. கடன் கொப்பி மூடப்படவில்லை.

நூறாண்டு கழிந்தும் கதை பெரிதும் மாறவில்லை. 2012இல் தோன்றிய பொதுபல சேனாவின் முதற் கூச்சல்கள் ஹலால் முத்திரையையும் முஸ்லிம் கடைகளையும் பற்றியனவே. ஒரு சிறு குழுவின் வசைமொழி அன்றாடம் செய்தியாகும்போது, அது ஓர் இனத்தின் குரலெனத் தோற்றம் பெற்றுவிடுகிறது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஓர் உணவுக்கடையில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற புரளி முகநூலிற் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்றே தெரிந்தது. அடுத்த மாதம் திகன எரிந்தது. தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

மறுபுறத்திலும் இதே வித்தைதான். தோழமை தேடிய சில முஸ்லிம் இளைஞரை, சஹ்ரான் ஹாஷிம் தன் காணொளிப் பிரசங்கங்களாற் பிடித்தான். 2018 டிசம்பரில் நம் மாவட்டத்து மாவனல்லையிற் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. ஒரு மாதம் கழிந்து, மே 23ஆம் நாள், ‘திவயின’ நாளேடு தன் முதற் பக்கத்தில், ஒரு முஸ்லிம் மருத்துவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று அச்சிட்டது. பெயர் இல்லை, சான்று இல்லை. குருணாகலில் ஒரு மருத்துவர் கைதானார். ஆதாரம் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்திற் கூறிற்று. அம்பாறையிற் சோற்றில் இருந்த மாத்திரை குருணாகலில் சத்திரசிகிச்சைக் கத்தியாக மாறியிருந்தது, அவ்வளவே.

இடதுசாரிகளாகிய நாம் இதில் கைகழுவித் தப்ப முடியாது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து சென்ற என். எம். பெரேராவை, 1936இல் ருவான்வெல்லை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பெரும் பத்திரிகைகளின் துணையின்றி ஓர் ஏழைத் தொகுதி அவ்வாறு தெரிந்தெடுத்தது. ஆனால் 1966 ஜனவரியில், தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் அவருடைய கட்சியும் பிக்குமாரோடு நடந்தது. அந்நாட்களில் அக்கூட்டணியினர் எழுப்பிய முழக்கங்களுள் ஒன்று தமிழரின் மசால் வடையைப் பழித்தது. கட்சியைத் தம்முடையதென்று நம்பியிருந்த தோட்டத் தொழிலாளரும் அதனைக் கேட்டனர்.