வெள்ளத்தை ஒத்திகை பார்த்தல்: போர் விளையாட்டும் அடையாறும்

நடக்கக்கூடிய ஒரு மோதலை வரைபடத்தின் மேல் நடத்திப் பார்ப்பது போர் விளையாட்டு எனப்படுகிறது. இரு தரப்பு, ஒரு நடுவர், சில விதிகள் இருந்தால் போதும். பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளே இதன் நவீன வடிவத்துக்குத் தொடக்கம். சதுரங்கத்தை இதன் பாட்டன் என்பாரும் உண்டு. ஆனால் சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன. நெருக்கடியில் அந்த வசதி கிடையாது. அரைகுறைத் தகவலோடு, நேரம் போய்க்கொண்டிருக்கும்போது முடிவெடுப்பது எப்படி என்பதையே போர் விளையாட்டு சோதிக்கிறது. அதனால்தான் அது படைமுகாமை விட்டு வெளியேறி, புயல், கொள்ளைநோய், அணு விபத்து ஆகியவற்றுக்கும் பயன்படலாயிற்று.

சென்னையின் தெற்குக் கரைக்கு இது புதிதல்ல. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரையுள்ள ஊர்களைக் கருத்தில்கொண்டு அவசரகால ஒத்திகைகள் நடந்துவருகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து ‘ஐஓவேவ்’ என்ற கூட்டு ஒத்திகையை நடத்தத் தொடங்கின. 2011 அக்டோபரில் அவ்வாறு ஓர் ஒத்திகை நடந்தது. ஆறே மாதத்தில், 2012 ஏப்ரல் 11 அன்று, சுமத்ரா அருகே 8.6 அளவில் உண்மையான நிலநடுக்கமே வந்தது. 2025 மே 7 அன்று நாடு தழுவிய குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, தமிழகத்தில் தேர்வான இடங்களிலும் கல்பாக்கம் இருந்தது. மற்றொன்று சென்னைத் துறைமுகம்.

2015: ஒத்திகை இல்லாத தேர்வு

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. வெள்ளம் என்றதும் பலருக்கு இந்த ஒரு எண்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஆற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் அடையாறு உருவாகி, வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாக வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதில் கலப்பது அதற்கும் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில். ஆகவே முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தது முதன்மையாக மேற்கே உள்ள சிற்றேரிகளின் நீர்தான். அங்கே மதகைத் திறக்க ஓர் ஆணையும் தேவைப்படவில்லை. ஏரிகள் நிரம்பித் தாமே வழிந்தன.

இந்திய அறிவியல் கழகம், மும்பை, சென்னை ஐஐடிகள் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட விரைவு மதிப்பீடு, கணினியில் அதே மழையை மீண்டும் பெய்யவைத்துப் பார்த்தது. உச்சப் பெருக்கில் பெரும்பங்கு ஏரிக்கு வெளியேயுள்ள நீர்ப்பிடிப்பிலிருந்து வந்தது என்பது அதன் முடிவு. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையோ நீர்த்தேக்க நிர்வாகத்தைக் கடுமையாகக் குறைகூறி, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. இரண்டும் வேறுவேறு கேள்விகளுக்கான விடைகள் என்றே தோன்றுகிறது. ஒன்று நீரைக் கணக்கிடுகிறது, மற்றொன்று முடிவெடுத்தவர்களைக் கணக்கிடுகிறது.

மாதிரியும் மேசையும்

2019இல் சென்னைக்கான வெள்ள எச்சரிக்கை அமைப்பு ‘சி-ஃப்ளோஸ்’ தொடங்கப்பட்டது. அதை இயக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ளது. மழையளவு, கடல் ஏற்றவற்றம், ஏரிகளின் நீர்மட்டம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, ஏறத்தாழ 800 வெள்ளச் சூழல்களை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கிறது அது. எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று இந்தக் கணிப்புகள் சொல்லக்கூடும். யார் யாரை எழுப்ப வேண்டும், எத்தனை மணிக்கு, என்று அவை சொல்லாது. அதற்கு மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். நடுவர் தகவலைத் துளித்துளியாகத் தர வேண்டும்.

இதுவும் பொய்க்கலாம். மிட்வே போருக்கு முன் 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை ஆடிய ஒத்திகையில் மூழ்கியதாகக் கணக்கிடப்பட்ட தங்கள் கப்பல்களை நடுவரே குறைத்துக்கொண்டார். ஜூனில் அந்தப் போரில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. இன்னொரு வகைத் தோல்வி அமெரிக்காவில்: நியூ ஆர்லியன்ஸைக் கற்பனைப் புயல் ‘பாம்’ தாக்குவதாக 2004 ஜூலையில் ஒத்திகை நடந்தது. பாடங்கள் நடைமுறைக்கு முழுதாக வருமுன், 2005 ஆகஸ்டில் கத்ரினா வந்துவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி நீரில் நின்றன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் முடிச்சூர் அதில் சேர்ந்தது. பக்கத்திலுள்ள வரதராஜபுரமும் செம்பரம்பாக்கம் ஏரியும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் ஊராட்சியாகவே தொடர்ந்தது. இந்த ஆற்றுக்கு ஓர் ஒத்திகை நடத்துவதானால், இரண்டு ஆட்சியர்கள், மாநகராட்சி, ஊராட்சித் தலைவர்கள், நீர்வளத் துறைப் பொறியாளர் என அத்தனை பேருக்கும் நாற்காலி போட வேண்டியிருக்கும்.