மூலவுயிர்க்கலத்தின் தனிவழி

ஹட்டன் மலைச்சரிவிலே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப்பட்டு இடுப்பளவில் நிற்கின்றது. அதன் வித்தை நட்டு வெட்டாது விட்டாலோ மரமாய் ஓங்கும். உடல் பட்ட வெட்டு வித்திற் பதிவதில்லை.

விலங்குகளில் இதற்குக் காரணங் கூறியவர் ஜெர்மானிய அறிஞர் வைஸ்மன். சந்ததியை ஆக்கும் மூலவுயிர்க்கலங்கள் உடற்கலங்களினின்றும் பிரிந்து தனிவழியே வருவன என்றார். ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளும் வாலுடனேயே பிறந்தன.

அவ்வழி காக்கப்படுவது எங்ஙனம்? குதிரைக் குடற்புழுவின் முளையத்தில் உடற்கலங்கள் நிறமூர்த்தத்தின் பகுதிகளை இழக்க, மூலவுயிர்க்கல வழி மாத்திரம் அவற்றை முழுமையாய்ப் பேணுவதை 1887இல் போவெரி கண்டார். எல்லா உயிர்களிலும் இம்முறை இல்லை. மண்ணில் வாழும் நுண்புழுவொன்றில், பை-1 என்னும் புரதம் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை அடக்கி, அக்கலம் உடற்கலமாகாது காப்பதை 1996இல் அறிந்தனர்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புப் பரம்பரையில் இல்லை என்பார் உளர். கொழுந்தெடுத்த தாயின் கைக்காய்ப்பு மகளுக்கு வருவதில்லை. தாய்க்குக் கிட்டாத கல்வியின் குறையும் அவ்வாறே. ஆனால், கற்ற கல்வியும் வித்துவழி வாராது. ஆதலால், ஒவ்வொரு தலைமுறைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்.