எந்திரமும் படிக்கும் எழுத்து

பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வரிக்கு 44 குறிகள். அவை எந்திரம் படிப்பதற்கென்றே அச்சிடப்பட்டவை.

தாளின் மீது ஒளி பட்டால் வெள்ளைப் பகுதி அதிகமாகவும், மை படிந்த பகுதி குறைவாகவும் அதைப் பிரதிபலிக்கும். இந்த வேறுபாட்டை ஒளிமின்கலம் மின்குறிப்பாக மாற்றுகிறது. அதைக் கொண்டே கணிப்பொறி எழுத்தை அடையாளம் காண்கிறது. ஆனால் வழக்கமான ஆங்கில அச்சில் ‘ஐ’ குறுகியும் ‘எம்’ அகன்றும் இருக்கும். ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்று அக்கால எந்திரங்கள் தடுமாறின. மெல்லிய கோடுகள் அச்சில் அறுந்தும் போயின.

ஆகவே 1968-இல் அமெரிக்காவில் ஓ.சி.ஆர்.-ஏ என்னும் அச்செழுத்து வெளிவந்தது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள இடம்; கோடுகளுக்கு ஒரே சீரான தடிப்பு; முனைகளில் அலங்காரக் குறுங்கோடுகள் இல்லை. எந்திரத்துக்கு அது எளிது. மனிதர் கண்ணுக்கோ விகாரமாகத் தோன்றியது.

எந்திரத்துக்காக மனிதர் சிரமப்பட வேண்டுமா? அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அட்ரியன் ஃப்ருட்டிகர் அமைத்த ஓ.சி.ஆர்.-பி இதற்கு விடை தந்தது. ஒரே அகலத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் வளைவுகளை இயல்பாக அமைத்தார். குழப்பம் தரும் ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும், ‘ஐ’ எழுத்தும் ஒன்றும் வடிவில் வேறுபட்டன.

பாஸ்போர்ட் வரிகளில் இருப்பது இந்த எழுத்தே. அங்கே ஒரு குறி பிறழ்ந்தாலும் ஆள் மாறிவிடக்கூடும். இன்றைய கணிப்பொறிகள் கையெழுத்தையும் ஓரளவு படிக்கின்றன. எனினும் எந்த நாட்டு எல்லையிலும், எந்திரம் பழுதானால் அதிகாரியின் கண்ணும் படிக்கக்கூடிய பொது எழுத்தாக இது நிலைத்திருக்கிறது.