இங்கிலாந்தில் குடியேறிய பெண்களுக்கான கர்ப்பகாலச் சோதனைகள்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை (என்எச்எஸ்) கர்ப்பிணிகள் அனைவருக்கும் சில சோதனைகளை வழங்குகிறது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் தொற்றுகள், தலசீமியா, அரிவாள் செல் சோகை, டவுன், எட்வர்ட்ஸ், படாவ் குறைபாடுகள், 20ஆவது வார ஸ்கேனில் தெரியும் உடலமைப்புக் குறைகள் ஆகியவற்றுக்கான சோதனைகள் இவற்றில் அடங்கும். எந்தச் சோதனையையும் வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு உரிமை உண்டு.

குடியேறிய பெண்களுக்கு முதல் தடை காலக்கெடு. டவுன் முதலிய மூன்று குறைபாடுகளுக்கும் சேர்த்துச் செய்யும் சோதனை, 11 வாரம் 2 நாள் முதல் 14 வாரம் 1 நாள் வரை மட்டுமே நடக்கும். சிசுவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கியுள்ள நீரின் தடிமனை ஸ்கேனில் அளந்து, தாயின் ரத்த முடிவோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். தாமதமாக வருபவருக்கு 20 வாரம் வரை வேறொரு ரத்தச் சோதனை உண்டு. அது டவுன் குறைபாட்டுக்கு மட்டுமே, துல்லியமும் குறைவு. தெற்காசியரிடம் பரவலாக உள்ள தலசீமியாவுக்கு 10 வாரத்துக்குள் சோதித்துவிடுவது நல்லது. பெற்றோர் இருவரும் அதன் மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முடிவெடுக்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

பணம் அடுத்த தடை. விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தியவர், அகதியாக ஏற்கப்பட்டவர், புகலிட மனுவின் முடிவுக்குக் காத்திருப்பவர் ஆகியோருக்குச் செலவில்லை. விசா காலாவதியானவரிடமும், மனு நிராகரிக்கப்பட்டவர்களில் பலரிடமும், வழக்கமான செலவில் 150 சதவீதம் வசூலிக்கும் முறை 2015இல் வந்தது. தொற்றுகளைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் யாரிடமும் கட்டணமில்லை. முன்பணம் கட்டவில்லை என்று மகப்பேறு சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பில் பின்னால் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதம் பாக்கி நின்றால் உள்துறைக்குத் தகவல் போகலாம், அடுத்த விசா விண்ணப்பமும் அதனால் மறுக்கப்படலாம். அந்த அச்சத்தில் தயங்கும் பெண், சோதனைக்குரிய வாரங்களை இழக்கிறாள். கருவைக் காக்கவேண்டிய அமைப்பே அவளை விரட்டுவது அநியாயம்.

மொழியும் ஒரு தடை. கருவைத் தொடர்வதா என்ற கேள்வியைக் கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால், பெண்ணின் சொந்த முடிவு வெளிவராமல் போகலாம். மருத்துவமனையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணமில்லை.

குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்ய பாஸ்போர்ட்டோ விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை நேரடியாகவும் அணுகலாம். கரு உறுதியான வாரத்திலேயே அதைச் செய்துவிடுங்கள்.