இரட்டை இரண்டில் தவறிய அம்பு

டார்ட்ஸில் 501 புள்ளியிலிருந்து குறைத்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு பலகை ஓரத்து மெல்லிய 'இரட்டை' வளையத்திலோ பலகையின் நடு மையத்திலோ குத்த வேண்டும். சிரமமே அதில்தான்.

இங்கிலாந்தின் லூக் லிட்லர் 2007 ஜனவரியில் பிறந்தவர். 2023 நவம்பரில் இளையோர் உலகப் பட்டம் வென்றார். அடுத்த மாதமே லண்டனில் பெரியவர்களுக்கான உலகப் போட்டி. சிறுவயது ஆதர்ச வீரர் வான் பார்னவெல்டையும் வீழ்த்தி இறுதிக்கு வந்துவிட்டார். வயது 16!

2024 ஜனவரி 3. லூக் ஹம்ப்ரீஸுக்கு எதிராக 4-2 முன்னிலை. அடுத்த செட்டுக்கு இரட்டை இரண்டில் ஒரே அம்பு போதும். தவறியது. அங்கிருந்து ஐந்து செட்களும் ஹம்ப்ரீஸுக்கே, முடிவு 7-4.

பையன் ஒடிந்துவிடவில்லை. அதே மே மாதம் பிரீமியர் லீக் இறுதியில் ஹம்ப்ரீஸை 11-7 என வென்றார். சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜனவரி 3-ல் வான் கெர்வனை 7-3 என வீழ்த்தி, 17 வயதில் உலக சாம்பியன்! அவ்வளவு இளம் சாம்பியன் அதற்குமுன் இல்லை.

எங்கள் வணிகவியல் பாஷையில் கேட்கிறேன்: அந்த அம்பு நட்டமா, முதலீடா?