பிளேக்கும் வதந்தியும்

மாதுங்கா, தாதர் பகுதிகளின் அகன்ற வீதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், அவ்வீதிகள் தோன்றிய வரலாற்றைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1898ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு வகுத்த வீதிகள் அவை. அந்த டிரஸ்டு பிறக்கக் காரணமாயிருந்தது பிளேக் நோய். அந்நோயோடு கைகோத்து வந்த வதந்தியைப் பற்றியே ஈண்டுச் சிறிது எழுத விழைகிறோம்.

1896ஆம் ஆண்டு செப்டம்பரில், மாண்டவிப் பகுதியில், டாக்டர் வியகாஸ் என்பார் இந்நோயை முதலில் இனங்கண்டார். நோயுற்றோரைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நகராட்சி முனைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விக்டோரியா மகாராணியின் சிலைக்கு எவரோ தார் பூசிவிட்டனர். அது சாபேகர் சகோதரர்களின் செயலென்பது பின்னரே வெளியாயிற்று. உடனே ஒரு பேச்சுக் கிளம்பியது: மகாராணி கடுஞ்சினம் கொண்டாளாம், நகர மக்களின் ஈரலைக் கேட்கிறாளாம், அதற்காகவே ஆட்களை மருத்துவமனைக்குப் பிடித்துப் போகிறார்களாம்! அக்டோபர் 29ஆம் நாள், ஏறக்குறைய ஆயிரம் ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர்.

பாமரரின் அறியாமை என்று நகைத்து ஒதுக்குவது எளிது. நமக்கு அவ்வாறு நகைக்கத் தோன்றவில்லை. சிலை அவமதிக்கப்பட்டது மெய். மருத்துவமனைக்குச் சென்றவருள் மிகப் பலர் மீளாததும் மெய்; நோய் முற்றிய நிலையிலேயே அவர்கள் அங்குச் சேர்க்கப்பட்டனர். இவ்விரண்டு மெய்களையும் இணைக்க நடுவே ஒரு பொய் தேவைப்பட்டது. அச்சம் அதனைத் தந்தது. சாதி ஆசாரமும் பெண்களின் கோஷாவும் பாராமல் வீடு புகுந்து ஆளைக் கொண்டுபோன அதிகாரிகள், கொண்டுபோன காரணத்தை அம்மக்களின் நெஞ்சில் படும்படி சொன்னாரில்லை.

1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடுகள் சோதிக்கப்பட்டன. ரயில் பயணிகளை நிலையங்களில் நிறுத்தி டாக்டர்கள் பரிசோதித்தனர். (பிளாட்பாரத்தில் அந்நாளில் நின்ற நம் இலாகா ஊழியர் என்ன பாடுபட்டிருப்பர்!) கெடுபிடி மிகமிக வதந்தியும் மிகுந்தது. 1898 மார்ச் 9ஆம் நாள் மதன்புராப் பகுதியில் பெருங்கலகமே மூண்டது. அதன்பின் அரசாங்கம் பிடியைத் தளர்த்தி, அந்தந்தச் சமூகத்தார் தமக்கென மருத்துவமனைகள் நடத்த இடங்கொடுத்தது. தம்மவரே தம்மவரைப் பேணக் கண்ட பிறகு ஈரல் கதையைக் கேட்பார் யார்?

தடுப்பூசியும் இத்தகைய ஐயத்துக்கு உள்ளாயிற்று. அதைக் கண்டுபிடித்தவர் ருஷ்ய நாட்டு யூதரான ஹாஃப்கின். அவர் 1897 ஜனவரி 10ஆம் நாள் முதல் ஊசியைத் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார். இளைஞராயிருந்த மூன்றாம் ஆகாகானும் தம்மைப் பின்பற்றுவோர் அஞ்சாதிருக்கும் பொருட்டுப் பலரறிய ஊசி போட்டுக்கொண்டார். ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்ய இயலாததை அவர்தம் கை செய்தது என்பது எம் கருத்து.

இனி வேறொரு வகைப் பொய்யையும் கூற வேண்டும். அது அரசாங்க முத்திரையோடு வந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களில் 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு மாண்டனர். மாண்டவர் அனைவரும் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர்கள். அப்புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது செவ்வனே தூய்மை செய்யப்படாததும் சாட்சியத்தில் வந்தன. எனினும் விசாரணைக் குழு பழியை ஆய்வுக்கூடத்தின்மேல் சுமத்தியது. ஹாஃப்கின் பதவி இழந்தார். சர் ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின்னர், 1907ஆம் ஆண்டில்தான் அவர்மீதிருந்த பழி நீங்கியது.

மீண்டும் இந்தியா வந்த அவருக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தது. தாம் அமைத்த பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை திரும்பக் கிட்டவில்லை. பரேலில் உள்ள அவ்வாய்வுக்கூடத்துக்கு 1925ஆம் ஆண்டில் ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டினர்.