பேட்டரிப் பெட்டி இன்னும் ஈயக் காலத்தில்தான் இருக்கிறது

மோட்டார் சைக்கிளில் லித்தியம் பேட்டரி மாட்டி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அது செத்துவிட்டால், பழி பெரும்பாலும் பேட்டரியின் மீதே விழுகிறது. மலிவுச் சரக்கு என்பார்கள். நம் ஊர் மழைக்கு லித்தியம் ஒத்துவராது என்பார்கள். பேட்டரி உட்காரும் பெட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்தப் பெட்டியின் அமைப்பு ஈய பேட்டரியின் தேவைகளிலிருந்து பிறந்தது. உள்ளே இருக்கும் பொருள் அடியோடு மாறிய பிறகும் பெட்டி மாறவில்லை. தண்ணீரால் வரும் சேதத்தில் பெரும்பங்கு இந்த இடைவெளியிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

பிரான்சின் காஸ்டன் பிளான்ட்டே 1859-இல் ஈய பேட்டரியை உருவாக்கினார். 1881-இல் கமில் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தபின் அது தொழிற்சாலைச் சரக்கானது. அதன் உள்ளே இருப்பவை ஈயமும் கந்தக அமிலமும் தண்ணீரும். சார்ஜ் ஏறும்போது தண்ணீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். அதனால்தான் ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடி, மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர், அமில ஆவி வெளியேற ஒரு ரப்பர் குழாய் எல்லாம் தேவைப்பட்டன. 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட் உட்பட அக்கால வண்டிகளில் பேட்டரிக்குத் தந்த இடம் இந்தக் கணக்கில்தான் அமைந்தது. வாயு தேங்கக் கூடாது, சிந்திய அமிலம் சட்டத்தை அரிக்காமல் கீழே வடிய வேண்டும், மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கை எட்ட வேண்டும். மழைநீர் உள்ளே வருவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, படவும் தேவையிருக்கவில்லை. டெர்மினலில் உப்புப் பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவினால் மெக்கானிக்கின் வேலை முடிந்தது.

1957-இல் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனம் அமிலத்தைக் கூழாக்கி அடைத்தது. 1970-களில் கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சவைக்கும் முறை வந்தது. தண்ணீர் ஊற்றும் வேலை ஒழிந்தது. பெட்டி மட்டும் அப்படியே நின்றது.

லித்தியத்தின் கதை வேறு. சோனி 1991-இல் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் பேட்டரிகளில் இன்று பரவலாக இருப்பது, டெக்சாஸில் ஜான் குடினஃபின் ஆய்வுக்கூடத்தில் 1990-களின் நடுவில் உருவான லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதன் ஒரு செல் 3.2 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். ஈய பேட்டரியின் ஆறு அறைகள் தருவதோ ஏறக்குறைய 12.6. இந்த இரு எண்களும் நெருங்கியிருந்ததால்தான், வண்டியின் சார்ஜிங் அமைப்பையோ பெட்டியையோ தொடாமல் பழைய பேட்டரி இருந்த இடத்தில் புதியதை அப்படியே வைக்க முடிந்தது. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததால் பந்தயக்காரர்கள் முதலில் விரும்பினார்கள். 2017-இல் ஹோண்டாவின் ஃபயர்பிளேடு எஸ்பி தொழிற்சாலையிலிருந்தே லித்தியம் பேட்டரியுடன் வந்தது. பொருத்துவது இவ்வளவு சுலபமாக இருந்ததே, இடத்தைப் பற்றிய யோசனையை மறக்கடித்துவிட்டது.

இந்த பேட்டரிகள் பலவற்றின் மேல்மூடிக்குக் கீழே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. செல்களைச் சமமாக வைத்திருப்பது அதன் வேலை. டெர்மினல் ஓரத்திலோ, சார்ஜ் அளவு காட்டும் பொத்தானின் இடுக்கிலோ ஒரு துளி சாலைத் தண்ணீர் புகுந்தால், வண்டி நிற்கும்போதும் மின்னழுத்தம் இருப்பதால் அந்தத் துளி உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். போர்டு பழுதானால் செல்கள் சமநிலை இழக்கும். செல்லின் உறையே உடைந்து ஈரம் உள்ளே போனால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும். பழைய பெட்டி இங்கே இன்னொரு வகையிலும் கெடுதல் செய்கிறது. புதிய பேட்டரி உருவில் சிறியது. மிச்ச இடத்தை அடைக்கக் கைக்குக் கிடைத்த பஞ்சைத் திணிக்கிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியில் உள்ள வடிகால் துளையையும் அடைத்துவிடுகிறது. அமிலம் வடிவதற்காகப் போட்ட அந்தத் துளைதான் இன்று மழைநீருக்கு இருக்கும் ஒரே வழி.

அடைத்த ஈய பேட்டரியும் இதே பெட்டியில், இதே மழையில்தானே ஓடியது என்று கேட்கலாம். ஓடியது, ஆனால் அதற்குள் போர்டு கிடையாது, ஈரத்தின் சேதம் டெர்மினலோடு நின்றது. அப்படியானால் பெட்டியை சிலிகான் வைத்து முழுக்க அடைத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். அதையும் ஏற்க முடியவில்லை. பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் இடையில் உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். நீர் வரும் திசையை மறைக்க வேண்டும், வடியும் திசையைத் திறந்து வைக்க வேண்டும். தயாரிப்பாளரே நீர்புகாது என்று உறுதி தருகிறாரே என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐபி 67 என்ற தரம் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கிறது. வாட்டர் வாஷ் கடையின் அழுத்தப் பீச்சலை அது சோதிப்பதில்லை.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. மின்சார ஸ்கூட்டர்களை ஓட்டும் பேட்டரிகளுக்கு ஐ.நா.வின் 136-ஆம் விதி இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பவும் விளக்கெரியவும் மட்டும் பயன்படும் பேட்டரியை அந்த விதி தன் வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. ஆகவே காவல் பொருத்துபவர் கையில்தான் இருக்கிறது. புதிய பேட்டரியை வைக்கும் முன் பெட்டியைக் கழற்றி வடிகால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சுக்குப் பதில் நீர் உறிஞ்சாத ரப்பர் துண்டை வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் லித்தியம் பேட்டரியை, காய்ந்துவிட்டது என்று நம்பி மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.